கூடைக்கு நாலு நாள் லீவு

என் பெண்டாட்டி அஞ்சலை மெட்ராஸுக்குப் போன தடவைகளை எண்ணிச் சொல்ல முடியாது. மெட்ராஸைப் பார்த்த தடவையைக் கேட்டால் உடனே சொல்லிவிடலாம். ஒன்றுகூட இல்லை. பழவேற்காட்டு இறாலைக் கூடையில் கட்டித் தலையில் ஏற்றி, பொன்னேரியில் ரயில் பிடித்து, மார்க்கெட்டில் இறக்கிவிட்டுக் காலிக் கூடையோடு அடுத்த வண்டியில் திரும்பிவிடுவாள். தலையில் பாரம் இருப்பவள் காலடியைப் பார்த்துத்தான் நடக்க வேண்டும். பாரம் இறங்கியவளுக்கோ வீட்டில் அடுப்பு காத்திருக்கும். "நான் பாத்த மெட்ராஸு எல்லாம் முழங்காலுக்குக் கீழதான்யா. யார் யாரு இன்னா செருப்பு போட்டுக்கினு போறாங்கன்னு கேளு, சொல்றேன்" என்பாள்.

எமர்ஜென்சிக்கு இரண்டு வருஷம் முந்தின கோடையில் அவள் ஒரே பிடியாகப் பிடித்தாள். கூடை இல்லாமல் நாலு நாள் மெட்ராஸ். கடற்கரை, குதிரை, மிருகக்காட்சி, பூங்காக் குளத்தில் படகு. எல்லாம் வெயிலில் செய்கிற வேலைகள்தான். அதை வேலை என்று சொல்லக் கூடாது என்பதும் அவள் நிபந்தனை. நாலு நாளும் மீன் பேச்சு, வலைப் பேச்சு எடுக்கக் கூடாது.

நான் தயங்கியதற்குக் காரணம் இருந்தது. ஏரியில் மீன் நன்றாக விழுகிற இடங்களைப் பாடு என்போம். எந்தப் பாடு எந்த வீட்டுக்கு என்று எங்கள் குப்பத்தில் வருஷத்துக்கு ஒரு முறை சீட்டுப் போட்டு எடுப்பார்கள். அதற்கு முந்தின ஒரு வாரம் யாரும் வலையை நனைக்கக் கூடாது. எங்களுக்கு வருஷத்தில் கிடைக்கிற ஓய்வு அதுதான். சீட்டு, வெள்ளிக்கிழமை அம்மன் கோயில் வாசலில். சூரியன் உச்சிக்கு வந்ததும் பானையைக் கவிழ்த்துவிடுவார்கள். அதற்குள் அவனவன் நேரில் வந்து பானைக்குள் கையை விட வேண்டும். தம்பி எடுப்பான், பெண்டாட்டி எடுப்பாள் என்கிற பேச்செல்லாம் செல்லாது. வராதவனுக்கு அந்த வருஷம் பாடு கிடையாது. அடுத்தவன் படகில் கூலிக்கு வலை இழுக்க வேண்டியதுதான். என் பெரியப்பா மகன் ஒருத்தன் மாமியார் வீட்டு விருந்தில் இரண்டாம் தடவை சோறு வாங்கி உட்கார்ந்துவிட்டான். அந்த ஒரு கைச் சோற்றுக்காக ஒரு வருஷம் கூலிக்குப் போனான்.

"திங்கள்கிழமை போறோம், வியாழன் சாயங்கால வண்டியில திரும்பறோம். அப்பால ஒரு பேச்சு கிடையாது" என்றேன்.

"அம்மன் மேல சத்தியம்யா" என்றாள். அம்மன் எந்தச் சத்தியத்தைத்தான் காதில் வாங்கியிருக்கிறாள்!

திங்கட்கிழமை பொன்னேரி ஸ்டேஷனில் அஞ்சலைக்குக் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. தலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். வழக்கமாக வருகிற டிக்கெட் பரிசோதகர் அவளைக் கடந்து போய், நின்று, திரும்பி வந்தார்.

"இன்னாம்மா, கூடை எங்க? தொலைச்சிட்டியா?"

"கூடைக்கு லீவு சார்."

மனுஷர் அதற்குப் பிறகு டிக்கெட்டே கேட்கவில்லை. நாங்கள்தான் வலியக் காட்டினோம்.

கரி எஞ்சின் வண்டி. ஜன்னல் ஓரம்தான் வேண்டும் என்று அடம்பிடித்து உட்கார்ந்தவள் மீஞ்சூர் வருவதற்குள் கண்ணில் கரித்தூள் விழுந்து ஒற்றைக் கண்ணோடுதான் வந்தாள். எதிரே ஆந்திராப் பக்கத்துப் புருஷன் பெண்டாட்டி ஒரு மாம்பழக் கூடையோடு உட்கார்ந்திருந்தார்கள். அந்தம்மா தெலுங்கில் புருஷனிடம் சொன்னதை எல்லைப்பக்கத்துக்காரனான நான் புரிந்துகொண்டேன். "பார், கண் வலியோடு பெண்டாட்டியை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போகிறான். நல்ல மனுஷன். நீயும் இருக்கிறாயே, எனக்குப் பல் வலித்தபோது சீட்டாடப் போனாய்." நான் அதை மறுக்கவில்லை. இலவசமாக வருகிற நல்ல பேரை எதற்கு விட வேண்டும்? அந்தம்மா இரண்டு மாம்பழம் கொடுத்தாள். ஒன்றை ஆஸ்பத்திரிக்குப் போகிற நோயாளியே தின்றாள்.

ராயபுரத்தில் என் மச்சான் ஏகாம்பரம் இருந்தான். அஞ்சலையின் அண்ணன். துறைமுகத்தில் மூட்டை ஏற்றுகிற வேலை. பதினைந்து வருஷமாக மெட்ராஸ்காரன், ஆகவே எல்லாம் தெரிந்தவன். எதைக் கேட்டாலும் "அது கெடக்குது மச்சான், நாம பாக்காததா?" என்பான்.

செவ்வாய்க்கிழமை மத்தியானமே கடற்கரைக்குப் புறப்பட்டுவிட்டோம். நாலு மணி வெயிலில் மணல் பணியாரச் சட்டி போல இருந்தது. ஏகாம்பரம் இடுப்பில் கை வைத்து நின்று, கையை நீட்டி, "இதான் கடலு" என்றான்.

பிறந்ததிலிருந்து கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் இருக்கிற மண்திட்டில் குடியிருப்பவர்களிடம் சொல்கிறான். நான் பெரிய மனது பண்ணி, "அப்படியா!" என்றேன்.

அஞ்சலை கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டாள். "ஐய, இந்தப் பக்கம் குந்து, அலையைப் பாரு" என்றான் அண்ணன்காரன்.

"அலை நம்ம ஊட்டு வாசல்லயும் கீது. ஜனம்தான் அங்க இல்ல. நீ தள்ளு, மறைக்காத."

பார்க்க வேண்டிய ஜனம்தான். பேண்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு ஒருவர் கணுக்கால் நனையக் கடலில் நின்றார். அலை வரும்போதெல்லாம் பின்னால் ஓடிவந்து, அது போனதும் வீரமாக முன்னால் போனார். அவர் பெண்டாட்டி கரையிலிருந்து, "போதும், ரொம்ப உள்ளே போகாதீங்க" என்று கத்திக்கொண்டிருந்தாள். அஞ்சலைக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

மசாலா தடவிய மீனைத் தட்டில் அடுக்கிவைத்துப் பொரித்துக்கொண்டிருந்த ஒரு வண்டிக்காரரிடம் போனோம். என்ன நிபந்தனை போட்டாளோ அதை உடைத்த முதல் ஆள் அவளேதான். ஒரு மீனை விரலால் அழுத்தி, மூக்கருகே கொண்டுபோனாள்.

"நைனா, இது செத்து எத்தினி நாளாச்சு?"

"இன்னிக்குக் காலீல வந்த மீனும்மா!"

"இன்னிக்கு மூணாம் நாளு. காரியம் என்னிக்குன்னு சொல்லு, நாங்களும் வந்துட்டுப் போறோம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்து, இரண்டு பேர் நழுவியும்விட்டார்கள். வண்டிக்காரருக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். அவரோ கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "இன்னா ஊரும்மா நீ?" என்றார். பழவேற்காடு என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. "அம்மாடி, அங்கத்த இறாலு! வாரத்துல ஒரு தபா கொண்டாந்து போடேன்."

"கூடைக்கு லீவு. அடுத்த வாரம் பேசிக்கலாம்." சுண்டல் வாங்கித் தின்றுவிட்டு நகர்ந்தோம்.

பிறகு குதிரை. ஏறச் சொன்னது அஞ்சலை. ஏறியவன் நான். படகில் நின்று பழகிய கால், பிடிமானம் தேடிக் குதிரையின் விலாவை இறுக்கியது. குதிரை அதைச் சட்டை செய்யாமல் நாற்பது அடி நடந்தது. தானே நின்றது. திரும்பிப் புறப்பட்ட இடத்துக்கே வந்துவிட்டது. இன்னும் கொஞ்சம் போகலாம் என்று நான் "ஹை, ஹை" என்றேன். பிடித்துக்கொண்டு வந்தவர், "அதுக்கு எத்தினி தூரம்னு தெரியும்யா. நீ சொம்மா குந்தினா போதும்" என்றார். ஒரு குதிரையிடம் இப்படி அவமானப்பட்டதை மச்சான் பார்த்துவிட்டான். ராயபுரம் தெரு பூராவும் அன்றைக்கே தெரிந்துவிட்டது.

புதன்கிழமை காலையில் நாஷ்டாவை முடித்துக்கொண்டு பதினாலு மாடிக் கட்டடத்துக்குப் போனோம். எதிரே பிளாட்பாரத்தில் நின்று அஞ்சலை மாடி மாடியாக எண்ணினாள். பதினொன்றில் கழுத்து வலித்து எண்ணிக்கை தவறி, மறுபடி முதலிலிருந்து. "எட்டு வருசமா இந்தக் கழுத்து கீழயே பாத்துக்கினு இருந்திச்சு. இப்பதான் மேல போவுது. அவசரப்படுத்தாத" என்றாள்.

அப்புறம் மிருகக்காட்சி. புலிக் கூண்டருகே ஏகாம்பரம் எங்களுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டான். அப்போதுதான் குட்டு உடைந்தது. பதினைந்து வருஷத்தில் அவனும் இங்கே வந்ததில்லை.

"நாம பாக்காததான்னியே மச்சான்?"

"மூட்டை தூக்கறவன் இன்னாத்தப் பாப்பான், மச்சான்? கப்பலோட அடியைத்தான் பாப்பான்" என்றான். அண்ணன் தங்கை இரண்டு பேரும் ஒரே மெட்ராஸைத்தான் பார்த்திருக்கிறார்கள்.

ஒரு வேலிக்குப் பக்கத்தில் பெரிய கூட்டம். ஆளை ஆள் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தார்கள். நாங்களும் முண்டியடித்துப் போய்ப் பார்த்தால், ஒற்றைக் காலில் இரண்டு பூநாரைகள் நின்றிருந்தன. எங்கள் ஏரியில் தை மாசத்தில் ஆயிரக்கணக்கில் இறங்கி, வலை போடுகிற இடத்தைக் கலக்கி, எங்களிடம் தினமும் திட்டு வாங்குகிற அதே பூநாரை!

"யோவ், இதுக்கா டிக்கெட்டு?" என்று அஞ்சலை கத்தியேவிட்டாள். வேலிப்பக்கம் குனிந்து, "இங்க இன்னாடி பண்றீங்க?" என்று விசாரித்தாள். அதில் ஒன்று தலையைத் திருப்பிப் பார்த்தது. தன்னை அடையாளம் தெரிந்துகொண்டதாக இன்றுவரை சாதிக்கிறாள்.

வியாழக்கிழமை வந்தது. ஆறு மணிக்கு வண்டி. அதற்கு முன் பூங்காக் குளத்தில் படகு. அஞ்சலை திங்கட்கிழமையிலிருந்து காத்திருந்தது அதற்குத்தான். "வேற ஒருத்தன் படகுல நான் ஒரு தபா சொம்மா குந்திக்கினு போவணும்" என்பது அவள் ஆசை.

இரண்டு மணிக்குப் போனோம். குளத்தில் நாலு படகு. கரையில் நாற்பது குடும்பம். பள்ளிக்கூட லீவு வேறு. ஒரு படகு கரையைத் தொடும் முன்பே பத்துப் பேர் அதைப் பிடித்து இழுத்தார்கள். சில்க் ஜிப்பா போட்ட ஒருவரும் ஒரு காலேஜ் பையனும் ஒரே துடுப்பைப் பிடித்து, "நான்தான் மொதல்ல", "நான்தான் மொதல்ல" என்றார்கள். அந்த இழுப்பில் ஒரு சின்னப் பெண் தண்ணீருக்குள் விழப் பார்த்தாள். படகுக்காரர் கத்திக் கத்திக் குரல் போய், சைகையால் திட்டிக்கொண்டிருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. தண்ணீர் விஷயத்தில் தள்ளுமுள்ளு எங்கள் குப்பத்தில் கேவலம். படகுத்துறைத் திட்டின் மேல் ஏறி நின்று, எதிர்க்காற்றில் படகுக்குப் படகு கூப்பிடுகிற குரலில், "எல்லாரும் நில்லுங்க!" என்றேன். நின்றுவிட்டார்கள். எனக்கே ஆச்சரியம்.

"சீட்டுப் போடலாம். எந்த நம்பர் வருதோ அந்த வரிசைல ஏறுங்க. யாருக்கும் பேஜாரு இல்ல."

"நீ யாருய்யா?" என்றார் ஜிப்பாக்காரர்.

"எங்க ஊர்ல கடலையே இப்படித்தான் பிரிச்சிக்கிறோம். இது குளம்தானே, சார்!"

சனம் சிரித்தது. சிரித்த கூட்டத்தை வழிக்குக் கொண்டுவருவது சுலபம். ஒருவர் பத்திரிகையைக் கிழித்தார். இன்னொருவர் பேனாவால் நம்பர் எழுதினார். அண்ணன் வீட்டுக்கு அஞ்சலை கருவாடு கொண்டுவந்த தூக்குச் சட்டி காலியாகக் கையில் இருந்தது. அதுதான் பானை. கையை விட்டு எடுத்தவர்கள் எல்லாரும் விரலை முகர்ந்து பார்த்தபடி போனார்கள். ஜிப்பாக்காரருக்கு முப்பத்தியிரண்டு வந்தது. காலேஜ் பையனுக்கு மூன்று. ஒருத்தரும் சண்டை போடவில்லை.

எல்லாரும் எடுத்து முடிக்கப் போகிற நேரத்தில் அஞ்சலை கையை நீட்டினாள். நான் சட்டியைப் பின்னால் இழுத்துக்கொண்டேன். அவளுக்கும் ஞாபகம் வந்துவிட்டது. பானை பிடிக்கிறவன் கடைசிச் சீட்டுதான் எடுக்க வேண்டும். இல்லாவிட்டால் எது எங்கே கிடக்கிறது என்று விரலால் தடவிப் பார்த்துவிடுவான் என்று எங்கள் வழக்கம்.

எங்களுக்கு நாற்பத்தியொன்று.

"மச்சான், ஆறு மணிக்கு வண்டி!" என்று ஏகாம்பரம் குதித்தான். "நாளைக்கு சீட்டு! உனக்கு வருசப் பொழைப்பு!"

காலேஜ் பையன் வந்து, "தலைவரே, என் நம்பரை நீங்க எடுத்துக்குங்க. யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க" என்றான். நல்ல பிள்ளை. மெய்யாகச் சொல்கிறேன், நான் கையை நீட்டிவிட்டேன்.

அஞ்சலை என் மணிக்கட்டைப் பிடித்தாள். "நாளைக்கு அம்மன் வாசல்ல பானையாண்ட நிக்கப்போற கை இது. வாணாம்யா."

"அப்ப ஊட்டுக்குப் போலாம், வா."

"போலாம்" என்றாள். ஆனால் கண் குளத்தில் இருந்தது. திங்கட்கிழமைக்குப் பிறகு முதல் தடவையாக அவள் கை தலைக்குப் போய், இல்லாத கூடையைத் தொட்டது.

காலையில் முதல் வண்டி இருக்கிறது. பொன்னேரியில் பஸ் உடனே கிடைத்து, எங்கேயும் நிற்காமல் போனால் உச்சிக்கு முன் போய்விடலாம். எங்கேயும் நிற்காமல் எந்த வண்டி போயிருக்கிறது என்பது எனக்கும் தெரியும். "நாப்பத்தியொண்ணு வரட்டும்" என்று உட்கார்ந்துவிட்டேன்.

ஐந்தரை மணிக்கு எங்கள் முறை வந்தது. ஏறினோம். எங்கள் ஏரியில் தண்ணீர் இடுப்பளவுதான். படகின் பின்னால் நின்று நீளக் கோலை ஊன்றித் தள்ளுவோம். முகம் போகிற பக்கம் இருக்கும். பழக்க தோஷம், இங்கேயும் எழுந்து நின்றேன். கோல் இல்லை. ஒரு துடுப்பைத் தூக்கிக் குளத்தில் ஊன்றினேன். அது முழுக்க உள்ளே போனது. படகு ஒரு சுற்று சுற்றியது.

குரல் போன படகுக்காரருக்கு அந்த நிமிஷம் குரல் திரும்பிவிட்டது. "குந்துய்யா! போற பக்கம் முதுகு காட்டிக் குந்தி ரெண்டு துடுப்பையும் வலி!"

"போற பக்கம் பாக்காம எவன்யா படகு வுடுவான்?"

"உலகமே வுடுது!"

உட்கார்ந்து வலித்தேன். படகு மறுபடி சுற்றியது. கரையில் முப்பத்தியிரண்டாம் நம்பர் ஜிப்பாக்காரர், போகாமல் இதற்காகவே காத்திருந்தவர் போல, "கடலைப் பிரிச்சிக்கிறவரு, பாத்து!" என்றார்.

"தள்ளு" என்றாள் அஞ்சலை. இடம் மாறி உட்கார்ந்து துடுப்பைப் பிடித்தாள். இரண்டு தடவை தப்பாக வலித்தாள். மூன்றாவதில் படகு நேராக ஓடியது. அவள் முகம் என் பக்கம். "இது தேவலைய்யா. போற எடத்தை நீ பாத்துக்கோ. நான் உன்னைப் பாத்துக்கினே வலிக்கிறேன்."

எங்களுக்குப் பின்னால் சீட்டு இல்லை. ஆகையால் நேரமாச்சு என்று விரட்டவும் ஆளில்லை. படகுக்காரர் கரையில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். நாற்பது குடும்பமும் ஒரு சுற்று போய்வந்த குளத்தில் நாங்கள் ஆறு சுற்று போனோம். தூரத்தில் ஒரு எஞ்சின் கூவியது. எங்கள் வண்டியாக இருக்கலாம். இரண்டு பேரும் காதில் வாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை முதல் வண்டி அத்திப்பட்டில் நின்றது. கூட்ஸுக்கு வழி விட என்றார்கள். அந்தக் கூட்ஸைப் போல ஒரு சோம்பேறியை நான் பார்த்ததில்லை. உப்பளத்தில் வேலை செய்கிற ஒரு ஆள் ஜன்னலோரம் வந்து, "போன வாரம் இங்கயே ரெண்டு மணி நேரம் நின்னுச்சு, இன்னிக்குத் தேவலை" என்று ஆறுதல் சொன்னார். பொன்னேரியில் பஸ் நிரம்பி வழிந்தது. ஆட்டுக்குட்டிகளோடு மேலே ஏறி வந்தேன். ஏரியைக் கடந்து குப்பத்துக்குப் போக, பழவேற்காட்டில் கட்டி வைத்த எங்கள் படகை அவிழ்க்கும்போது சூரியன் மண்டைக்கு மேலே வந்துகொண்டிருந்தது. எதிர்க்காற்று.

பின்னால் நின்று கோலை ஊன்றித் தள்ளினேன். அஞ்சலை முன்பக்கம், போகிற திசைக்கு முதுகு காட்டி, மெட்ராஸ் குளத்தில் உட்கார்ந்த மாதிரியே உட்கார்ந்திருந்தாள். எனக்குக் கரை தெரிந்தது, கோயில் தெரிந்தது, வாசலில் கூட்டம் தெரிந்தது. அவளுக்கு நான் மட்டும்தான் தெரிந்தேன். திடீரென்று சொன்னாள்:

"யோவ், உன் நெழலு உன் காலுக்குள்ள பூந்துக்கினு கீது."

கோலை அவளிடம் எறிந்துவிட்டுத் தண்ணீரில் குதித்தேன். இடுப்புத் தண்ணீர், கீழே சேறு. எதிர்க்காற்றில் படகைவிட மனுஷன் வேகம். ஏகாம்பரம் பரிசாகக் கொடுத்த ஓலைத் தொப்பி தலையில், கழுத்துவரை சேறு. கரையேறி ஓடினேன். குப்பத்துத் தலைவரான பெரியதனக்காரர் பானையை இரண்டு கையாலும் தூக்கிச் சாய்த்துவிட்டிருந்தார். பானை வழக்கமாக அவர் கையில்தான்.

"ரத்தினமாடா? நான் தண்ணீலேர்ந்து ஏறி வந்த சாமியோன்னு பாத்தேன். எங்கடா போன?"

மூச்சு வாங்கியது. பின்னாலேயே படகைத் தள்ளிக்கொண்டு வந்து சேர்ந்த அஞ்சலை கரையிலிருந்து குரல் கொடுத்தாள். "மெட்ராஸ்ல நாப்பது ஊட்டுக்குச் சீட்டுப் போட்டுக்கினு இருந்தாரு. பானை இவரு கையில, அதான் கடைசி!"

குப்பமே சிரித்தது. பெரியதனக்காரர் சிரிக்கவில்லை. என் நிழலைப் பார்த்தார். அது காலடியிலேயே ஒடுங்கிக் கிடந்தது, இன்னும் மறுபக்கம் நீளவில்லை. "கடைசியாத்தான் எடுத்தியா?" என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன். பானையை நிமிர்த்தினார். உள்ளே இரண்டே சீட்டு. ஒன்று எனக்கு, கடைசி அவருக்கு.

எடுத்தேன். சேற்று மூலை. யாரும் வேண்டாம் என்கிற பாடு. அவருக்குக் கழிமுகம் வந்தது. எல்லாரும் வேண்டும் என்கிற பாடு. பானை பிடித்தவருக்குக் கடைசியில் வந்தது அது. அஞ்சலை என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். அவளுக்கு நாற்பத்தியொன்றாம் நம்பர் ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

கூலிக்குப் போகவில்லை. என் படகு, என் வலை, என் சேறு. மற்றவர்கள் இறாலோடு திரும்புகிற நாளில் நான் நண்டோடு திரும்பினேன். கூடை மறுபடி அவள் தலைக்கு ஏறியது, வழக்கத்தைவிடக் கொஞ்சம் லேசாக. கடற்கரை வண்டிக்காரருக்கு வாரம் ஒரு தடவை நண்டுதான் போனது. அவர் குறை சொல்லவில்லை.

தை மாசம் பூநாரைகள் வந்தன. எங்கே இறங்கும்? சேறு இருக்கிற இடத்தில்தானே! எங்கள் மூலை பூராவும் ரோஸ் நிறமாகிவிட்டது. அன்று வலையை விட முடியாது என்று நான் திட்டிக்கொண்டிருந்தேன். அஞ்சலை படகின் முன்பக்கம், போகிற திசைக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தவள் திரும்பிப் பார்த்தாள். மடியில் இருந்த கூடையைக் கீழே வைத்தாள். எழுந்து வந்து என் முன்னால் உள்ளங்கையை நீட்டினாள்.

"டிக்கெட்டு எடுத்துட்டு அப்பால பாருய்யா."